ஸ்லோ குக்கரில் வேகாத ராஜ்மா: என் அனுபவம்

ஸ்லோ குக்கர் என்பது குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம். அதில் இறைச்சி நார் நாராகப் பிரிகிறது, அதே பாத்திரத்தில் கிடக்கும் ராஜ்மா மட்டும் நறுக்கென்று கடிபடுகிறது. ராத்திரி போட்டுக் காலையில் திறந்தாலும் இதே கதை.

பயறு பழசாக இருக்கும் என்று புதுப் பாக்கெட் வாங்கினேன். கூடுதல் நேரம் ஊறவைத்தேன். 'லோ'விலிருந்து 'ஹை'க்கு மாற்றியதில் இறைச்சி சக்கையானதுதான் மிச்சம். குக்கரிலேயே கோளாறோ என்று வெறும் தண்ணீர் ஊற்றித் தெர்மாமீட்டர் வைத்தேன். 90 டிகிரியைத் தாண்டியது. குக்கர்மேல் பழியில்லை.

துப்பு கிடைத்தது உருளைக்கிழங்கில். அத்தனை மணி நேரம் கிடந்தும் துண்டுகளின் விளிம்பு வெட்டிய கூர்மையோடே இருந்தது. அப்புறம்தான் அதே பாத்திரத்தில் சேர்த்த டின் தக்காளியின் லேபிளைப் படித்தேன்: கால்சியம் குளோரைடு. தக்காளித் துண்டு குழையாமலிருக்கச் சேர்க்கிறார்கள். அந்தக் கால்சியம் பயறு, கிழங்கில் செல்களை ஒட்டவைக்கும் பசை போன்ற பெக்டினையும் இறுக்கிவிடும். போதாததற்குத் தக்காளியின் புளிப்பும் வேகவிடாது.

இப்போது ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் ராஜ்மாவை அடுப்பில் தளதளவென்று அரை மணி கொதிக்கவிடுகிறேன். (இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தி, பேதியில் கொண்டுபோய் விடும். குக்கரில் கோளாறு இல்லாவிட்டாலும், அதன் சூடு இந்த நச்சை அழித்துவிடும் என்று நம்ப முடியாது.) வடித்து, இறைச்சி, வெங்காயம், கிழங்கோடு குக்கரில் போடுகிறேன். தக்காளி கடைசி ஒரு மணி நேரத்தில்தான், அதுவும் பயறு நசுங்குகிறதா என்று பார்த்த பிறகு.

அப்பாடா, வெந்தது. கால்சியம் சேர்க்காத தக்காளி விழுதும் கிடைக்கிறது, ஆனால் புளிப்பு அதிலும் உண்டு; அதையும் கடைசியிலேயே ஊற்றுங்கள்.