பைக்குள் கொதிக்கும் லேப்டாப்: விண்டோஸ் ஸ்லீப்பைச் சரிசெய்வது எப்படி

லேப்டாப்பை மூடிப் பையில் போட்டு, திருவொற்றியூரில் மெட்ரோ ஏறி, கிண்டியில் இறங்கி எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி சுடுகிறது, பேட்டரியும் பாதி காலி. இப்படிப் புலம்புகிற ஆட்களை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கிறேன். என் மெஷினுக்கும் இதே வியாதிதான். பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் என்று கடையில் சொல்வார்கள். அவசரப்பட்டுப் பணத்தை எண்ணி வைக்காதீர்கள். பல நேரம், மூடியதும் மெஷின் போகிற ஸ்லீப், அதாவது தூக்க நிலையின் செட்டிங்கை மாற்றினாலே போதும்.

இது விண்டோஸ் 11-க்கு எழுதியது. 10 வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய எல்லாமே பொருந்தும்.

முதலில்: உங்கள் மெஷினில் இருப்பது எந்த ஸ்லீப்?

இதைப் பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டெர்மினல் அட்மின் என்பதைத் திறங்கள் (விண்டோஸ் 10-இல் பவர்ஷெல் அட்மின்). அதில் 'பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஏ' என்று அடிக்க வேண்டும். ஆங்கில எழுத்தில்தான். பவர் என்ற சொல்லை அடித்து, இடைவெளி விடாமல் சி, எஃப், ஜி. பிறகு ஒரு இடைவெளி, ஸ்லாஷ், அதோடு ஒட்டி ஏ. கீழே வருகிற கட்டளைகளும் இதே பாணிதான்.

பதிலாக ஒரு பட்டியல் வரும். அதன் மேல்பாதி உங்கள் மெஷினில் கிடைக்கிற நிலைகள், கீழ்பாதி கிடைக்காதவை. மேல்பாதியில் எஸ்3 என்று இருந்தால் உங்களுடையது பழைய வகை ஸ்லீப். ரேமுக்கு (ஓடுகிற வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) மட்டும் கொஞ்சம் கரண்ட் போகும், மற்றதெல்லாம் நின்றுவிடும். எஸ்0 லோ பவர் ஐடில் என்று இருந்தால் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை. திரை அணைந்திருக்கும், ஆனால் மெஷின் முழுசாகத் தூங்காது. செல்போன் மாதிரி வைஃபையைப் பிடித்துக்கொண்டு, மெயிலை இழுத்துக்கொண்டு இருக்கலாம். 2012-இல் விண்டோஸ் 8-உடன் வேறு பெயரில் வந்த ஏற்பாடு, விண்டோஸ் 10 காலத்தில் இந்தப் பெயருக்கு மாறியது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் நல்ல வசதிதான். ஏதாவது ஒரு டிரைவரோ (உள்ளே உள்ள பாகங்களை இயக்கும் சாஃப்ட்வேர்) புரோகிராமோ அடங்க மறுத்தால், காற்றுப் போகாத பைக்குள் பிராசசர் வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். சூடு அங்கிருந்துதான் வருகிறது.

விண்டோஸின் உள் செட்டிங்குகள் இருக்கிற ரிஜிஸ்ட்ரியில் ஒரு வரியைச் சேர்த்தால் பழைய எஸ்3 திரும்ப வந்துவிடும் என்று வீடியோக்களில் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். புதிய லேப்டாப்புகள் பலவற்றின் பயாஸிலேயே (மெஷினைத் தொடங்கிவைக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) எஸ்3 கிடையாது. இல்லாததை எங்கிருந்து வரவழைப்பது? அந்த வரியைச் சேர்த்தால் இருக்கிற ஸ்லீப்பும் போய்விடும், அவ்வளவுதான்.

அடுத்து: ஹைபர்னேட்டை உயிர்ப்பிப்பது

வெளியே எடுத்துப் போகிற லேப்டாப்புக்கு ஸ்லீப் வேண்டாம், ஹைபர்னேட் வையுங்கள் என்பதுதான் என் கட்சி. ரேமில் உள்ளதை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு மெஷின் அணைந்துவிடும். பைக்குள் சூடாக எதுவுமே ஓடாது. திரும்பப் போட்டால் திறந்திருந்த ஃபைல்கள் எல்லாம் விட்ட இடத்தில் இருக்கும். எஸ்எஸ்டி இருந்தால் சில நொடிகள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அதே டெர்மினலில் 'பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஹெச் ஆன்' என்று அடியுங்கள். பதில் எதுவும் வராது. வேலை முடிந்தது என்று அர்த்தம். சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கான ஃபைல் வழக்கமாக ரேமில் 40 சதவீத அளவு இருக்கும். 16 ஜிபி ரேம் என்றால் ஆறரை ஜிபி போல. சி டிரைவ் நிரம்பிவிட்டது என்று சர்வீசுக்குக் கொடுத்து வாங்கிய மெஷின்களில் இந்த ஹைபர்னேட்டை ஆஃப் செய்துதான் இடத்தை மிச்சம் பிடித்திருப்பார்கள். அதை நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள். உங்கள் மெனுவில் ஹைபர்னேட்டே காணோம் என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது ஸ்டார்ட்டை அழுத்தி லிட் (மூடிக்கு ஆங்கிலச் சொல்) என்று மூன்றெழுத்து அடித்தால், மூடியை மூடும்போது என்ன நடக்க வேண்டும் என்கிற பக்கம் முதலில் வரும். கண்ட்ரோல் பேனலில் தேடி அலைய வேண்டாம். அங்கே இரண்டு பத்திகள் இருக்கும்: ஆன் பேட்டரி, பிளக்டு இன். இரண்டிலும் ஹைபர்னேட்டைத் தேர்ந்தெடுங்கள். கீழே பவர் மெனுவில் ஹைபர்னேட்டைக் காட்டு என்கிற டிக் மங்கலாக, தொட முடியாமல் இருக்கும். மேலே நீல நிறத்தில் சின்னதாக ஒரு வரி, 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரண்ட்லி அன்அவைலபிள்'. அதை அழுத்தினால் டிக் திறக்கும், போட்டுவிடுங்கள். கடைசியில் சேவ் பட்டனை அழுத்துங்கள். விண்டோவை மட்டும் மூடிவிட்டால் எதுவும் சேவ் ஆகாது.

ஏன் இரண்டு பத்தியும்? இந்த இடத்தில் பலரும் வழுக்குகிறார்கள், என்னையும் நிறையச் சுற்றவிட்டது இதுதான். காலையில் கிளம்பும்போது நாம் என்ன செய்கிறோம்? சார்ஜர் செருகியிருக்கும்போதே மூடியை மூடுகிறோம். பிறகு சார்ஜரை உருவிப் பையில் போடுகிறோம். மூடிய நொடியில் மெஷின் கரண்டில் இருந்தது, அதனால் பிளக்டு இன் பத்தியில் உள்ளதுதான் செல்லும். அங்கே ஸ்லீப் என்று இருந்தால், மாடர்ன் ஸ்டாண்ட்பை மெஷின் கரண்டில் இருக்கிற தைரியத்தில் அரைத் தூக்கத்துக்குப் போகிறது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே வியாபாரம் நடத்துகிற கடை மாதிரி. சார்ஜரை உருவிய பிறகும் சில மெஷின்கள் அந்த வியாபாரத்தை நிறுத்துவதில்லை. அதே இடத்தில் டூ நத்திங் (எதுவும் செய்யாதே) என்று இருந்தால் கேட்கவே வேண்டாம், பைக்குள் முழு வேகத்தில் ஓடும். பேட்டரி பத்தியில் நீங்கள் எத்தனை அழகாக ஹைபர்னேட் வைத்திருந்தாலும் அதற்கு வேலையே வராது.

வீட்டில் தனி மானிட்டர் வைத்து, லேப்டாப்பை மூடியபடி வேலை பார்க்கிறவர்களுக்கு பிளக்டு இன்னில் டூ நத்திங் தேவைப்படும். நீங்கள் கிளம்பும்போது மூடியை நம்பாதீர்கள். ஸ்டார்ட் மெனுவில் ஹைபர்னேட்டை அழுத்தி, விளக்கு அணைந்ததும் எடுத்துப் போங்கள்.

மின்தடை நாளுக்கு ஒரு செட்டிங்

பராமரிப்புக்காக என்று காலையில் நிறுத்தினால் மதியம் தாண்டித்தான் கரண்ட் வரும். ஆள் இல்லாத வீட்டில் சார்ஜரோடு தூங்குகிற லேப்டாப் அப்போது பேட்டரிக்கு மாறி, கொஞ்சம் கொஞ்சமாக வடியும். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் பக்கத்தில் ஸ்கிரீன், ஸ்லீப், ஹைபர்னேட் நேரங்கள் இருக்கின்றன. பேட்டரியில் இத்தனை நிமிடத்துக்குப் பிறகு ஹைபர்னேட் என்பதற்கு நான் 60 வைத்திருக்கிறேன். ஐந்து சதவீதத்துக்கு வந்து தானாக அணைகிற வரைக்கும் எதற்கு விட வேண்டும்?

ராத்திரியில் தானாக எழுந்துகொண்டால்

'பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் லாஸ்ட்வேக்' கடைசியாக எழுப்பியது யார் என்று காட்டும். வயர்லெஸ் மவுஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் அதைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். நெட்வொர்க் கார்டுக்கும் அப்படியே. மாடர்ன் ஸ்டாண்ட்பை மெஷின்களில் சில சமயம் இந்தப் பகுதியே இருக்காது, விட்டுவிடுங்கள். பிறகு பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் திறந்து, ஸ்லீப் என்பதன் கீழ் உள்ள வேக் டைமர்களை பேட்டரிக்கு டிஸேபிள் செய்யுங்கள். அப்டேட் மாதிரியான வேலைகளுக்காக நள்ளிரவில் கண் விழிப்பது அதோடு குறையும்.

தூங்கவே மறுக்கிறது என்றால் 'பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ரிக்வெஸ்ட்ஸ்'. எல்லா வரியிலும் நன், அதாவது எதுவும் இல்லை என்று வர வேண்டும். பெரும்பாலும் பிரவுசரில் ஓடுகிற ஏதோ ஒரு வீடியோ சிக்கும்.

இத்தனைக்கும் அடங்கவில்லையா? உங்கள் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளர் தளத்தில் பயாஸ், சிப்செட் அப்டேட் இருக்கிறதா பாருங்கள். ஸ்லீப் கோளாறுகள் பல அங்கேதான் தீர்கின்றன. பயாஸ் அப்டேட்டைச் சார்ஜர் செருகிச் செய்யுங்கள், அதுவும் மின்தடை அறிவித்த நாளில் வேண்டாம். பேட்டரி சேவர், பூஸ்டர் என்று வருகிற தனி சாஃப்ட்வேர் எதையும் போடாதீர்கள். அதுவும் பின்னணியில் ஓடுகிற இன்னொரு புரோகிராம்தான்.

பேட்டரியையே மாற்ற வேண்டுமா?

'பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் பேட்டரிரிப்போர்ட்' ஒரு அறிக்கையைச் சேமித்து, எந்த இடத்தில் இருக்கிறது என்றும் சொல்லும். பிரவுசரில் திறந்து டிசைன் கெபாசிட்டியையும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கு வந்திருந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, செட்டிங்கால் மீட்க முடியாது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போவதற்கு முன் பழைய பேட்டரியின் முதுகில் உள்ள பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பின்சேர்க்கை: ஹைபர்னேட் வைத்த பிறகு மூடியைத் திறந்தால் மெஷின் செத்துக் கிடக்கிறது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலான மெஷின்களில் பவர் பட்டனை அழுத்த வேண்டும், அப்படித்தான்.

இன்னொன்று: ஸ்லீப்பிலிருந்து எழும்போது திரை மட்டும் கருப்பாக நின்றால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி (ஆங்கிலத்தில் ஏ-வுக்கு அடுத்த எழுத்து) அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அடிக்கடி நடந்தால் அந்த டிரைவரை அப்டேட் செய்யுங்கள்.

ஆபீஸ் லேப்டாப்பில் இந்தத் தேர்வுகள் எல்லாம் மங்கலாகவே இருந்து, நீல வரியை அழுத்தியும் திறக்கவில்லை என்றால் கம்பெனியே பூட்டி வைத்திருக்கலாம். அதை உடைக்கப் பார்க்காமல், மேலே சொன்ன அறிக்கையோடு ஐ.டி. ஆட்களிடம் ஒரு டிக்கெட் போடுங்கள். அவர்கள் திறந்துவிடும் வரை பையில் போடுவதற்கு முன் ஷட்டவுன் செய்துவிடுங்கள்.