பழைய வாடகையைப் படிப்படியாக ஏற்றும் முறை

பல வருடமாக ஒரே வாடகைக்குப் போன வீட்டுக்கு, 'அடுத்த மாதம் முப்பதாயிரம்' என்று படலையில் நின்று சொல்லிவிட்டு வராதீர்கள். முதலில் அந்த வீடு இலங்கையின் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். பின்வந்த திருத்தங்களால் அதன் பிடியிலிருந்து விலகிய வீடுகளும் உண்டு. ஆகவே வாடகை தொடங்கிய தேதிதான் முக்கியம். முதல் பற்றுச்சீட்டையும் மாநகரசபையின் சோலைவரி (வீட்டு வரி) பதிவுப் பிரதியையும் எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள்.

சட்டத்துக்குள் வந்தால், அனுமதித்த வாடகைக்கு மேல் குடியிருப்பவர் சம்மதித்தாலும் வாங்க முடியாது. முற்பணமும் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது. கோபத்தில் வாடகையை வாங்க மறுத்து, 'நிலுவை' காட்டி எழுப்பலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. குடியிருப்பவர் அந்த வாடகையை உள்ளூராட்சிச் சபையில் கட்டிவிட்டால் நிலுவையே இல்லை.

சட்டத்துக்கு வெளியே என்றால், ஏணி போல ஏற்றுங்கள். இப்போது 9,000, ஊர் நிலவரம் 30,000 என்று வைப்போம். மூன்று வருடக் குத்தகையில் முதல் வருடம் 14,000, இரண்டாம் வருடம் 21,000, மூன்றாம் வருடம் 30,000. முதல் படி சின்னதாக இருந்தால்தான் நல்ல குடித்தனக்காரர் வேறு வீடு தேட மாட்டார். ஒவ்வொரு தொகையையும் அது தொடங்கும் தேதியையும் இலக்கத்திலும் எழுத்திலும் போடுங்கள். 'சந்தை நிலவரப்படி கூட்டப்படும்' என்று எழுதுவது வழக்குக்கு வெற்றிலை வைப்பதுதான்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் செல்லாது. 1840ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. கடையில் வாங்கிய படிவத்தில் கையெழுத்து வைத்தால் மூன்று வருட ஏணி முழுவதும் காற்றில் போய், மாத வாடகைதான் மிஞ்சும். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டப்படி வீட்டை விரைவாக மீட்பதற்கும் நொத்தாரிசு எழுதிய உறுதி (பத்திரம்) வேண்டும். முத்திரைக் கட்டணம் மொத்த வாடகைக்கே, இந்தக் கணக்கில் 780,000 ரூபாவுக்கு. உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிவதையும் விடாதீர்கள்.

தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட மனைவியின் சீதன வீடானால் கணவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். அவர் கனடாவில் இருந்தால், உறுதி எழுதத் தேதி குறிக்கும் முன்பே அதை எழுதி எடுப்பியுங்கள்; போனில் 'ஓம்' என்றால் போதாது.