கட்டளைப் பெயரில் ‘.பிஒய்’ வேண்டாம்

பைத்தான் ஸ்கிரிப்டைப் பேக்கேஜ் செய்து கொடுக்கும்போது, டெர்மினலில் தட்டும் கட்டளையின் பெயரில் ‘.பிஒய்’ என்ற பின்னொட்டை விட்டுவிடுங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்குப் பில் போடும் ஸ்கிரிப்ட் என்றால் ‘டைல்பில்.பிஒய்’ வேண்டாம், வெறும் ‘டைல்பில்’ போதும். நாளைக்கு அதையே வேறு மொழியில் திருப்பி எழுதினாலும், காரைக்குடிக் கடையில் குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் கிரான் வரியையோ பில் போடுகிறவரின் கைப்பழக்கத்தையோ மாற்ற வேண்டியதில்லை. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் கொள்கை ஆவணமும் இதைத்தான் சொல்கிறது. பேக்கேஜின் விவரங்களை எழுதும் பைப்ராஜெக்ட்.டாமல் கோப்பில் ‘ப்ராஜெக்ட்.ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியில் ஒரே ஒரு வரி சேருங்கள்; நிறுவும்போது பைத்தானின் நிறுவும் கருவியான பிப் அந்தப் பெயரிலேயே கட்டளையை உருவாக்கிவிடும். விண்டோஸ் என்றால் அதற்கேற்ற இஎக்ஸ்இ கோப்பையும் அதுவே போட்டுக்கொள்ளும்.

லைப்ரரிக்கு இது பொருந்தாது. இம்போர்ட் செய்யும் மாட்யூல் கோப்புக்கு ‘.பிஒய்’ கட்டாயம். அதன் பெயரில் நடுக்கோடும் கூடாது, பைத்தான் அதைக் கழித்தல் குறியாக எடுத்துக்கொள்ளும்; அடிக்கோடு போடுங்கள். பேக்கேஜ் பெயரில் இந்த இரண்டில் எதைப் போட்டாலும் சரி, பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான பைபிஐ இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. அப்புறம், விண்டோஸில் இரட்டைக் கிளிக் செய்து ஓட்டும் தனிக் கோப்பிலும் பின்னொட்டை எடுத்துவிடாதீர்கள்.