மதுரை மாசி வீதிக்குள் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டுகிறீர்களா?

முதலில் உயரக் கணக்கு. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. "மூணு தளம் தாராளமாக வரும்" என்று கொத்தனார் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். தளத்துக்கு 2.75 மீட்டர் உள்ளுயரம், கான்கிரீட் 12.5 செ.மீ., மூன்று தளத்துக்கு 8.625 மீட்டர். அடித்தளத்தை 45 செ.மீ. தூக்கினாலே 9.075. வரம்பு போச்சு! 30 செ.மீ.யாகக் குறைத்தால் அளவுக்குள் அடங்கும். ஆனால் ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்துகிற தெருவில் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும். இரண்டு தளத்தோடு நிறுத்தி அடித்தளத்தை 60 செ.மீ. வைப்பதே புத்திசாலித்தனம்.

அடுத்தது பொதுச்சுவர். சண்டை பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். பக்கத்து வீட்டுச் சுண்ணாம்புச் சுவரை ஒட்டி ஒரே நீளமாக வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டினால் அடிமண் சரிந்து சுவர் விரிசல் விடும். 1 மீட்டர் நீளத்துக்குத் தோண்டி, கட்டி முடித்து, இடம் விட்டு அடுத்த துண்டைத் தோண்டுங்கள். தொடங்கும் முன்பே பக்கத்து வீட்டாரைக் கூட வைத்துக்கொண்டு, இருக்கிற விரிசல்களைத் தேதியோடு படமெடுங்கள்.

பழைய சுவரை வைத்துக்கொள்வதானால் சிமென்ட் பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூத்து உதிரும். 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் போதும்.

திண்ணை உங்கள் எல்லைக்குள்ளேயே இருக்கட்டும், சாக்கடை மேல் வேண்டாம். முற்றத்தைத் தளம் போட்டு மூடினால் நடு அறைகளுக்குக் காற்றே கிடையாது. கொல்லைக் கிணற்றைத் தூர்க்காமல் மாடித் தண்ணீரை வடிகட்டி அதில் விடுங்கள்.