சின்ஸா, ஃபாரா: தமிழில் சொல்லிப் பார்த்துத் திருத்தியது

'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.' அலுவலக மின்னஞ்சல்களில் நான் பலமுறை எழுதிய வாக்கியம் இது. இதில் பிழை இரண்டு.

முதலாவது சொல். இதற்குத் தமிழே விடை வைத்திருக்கிறது. '2019-லேர்ந்து', 'காலையிலேர்ந்து' என்று வந்தால் சின்ஸ். 'அஞ்சு வருஷமா', 'ரொம்ப நாளா' என்று வந்தால் ஃபார். அனுப்புமுன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

இரண்டாவது வினை. உண்மையான தொல்லை இங்கேதான். 'அஞ்சு வருஷமா வேலை பார்க்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால் 'ஆம் வொர்க்கிங்' தானாக வந்துவிடுகிறது. அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ஆங்கிலம் 'ஹேவ் பீன் வொர்க்கிங்' கேட்கும். அந்த வேலையை விட்டுவிட்டிருந்தால் 'வொர்க்ட் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. நோ (அறிதல்), ஓன் (சொந்தமாக வைத்திருத்தல்), பிலீவ் (நம்புதல்) போன்ற நிலையைக் குறிக்கும் வினைகளோடு 'இங்' சேராது: 'ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் 2015'.

கோப்பிக்கடையில் 'ஃபைவ் இயர்ஸ் ஆல்ரெடி' என்பது நம் சிங்கப்பூர்ப் பேச்சு. அதில் குறையே இல்லை. வேலை விண்ணப்பத்தில் மட்டும் அந்த ஆல்ரெடியை எடுத்துவிட்டு, முன்னால் ஃபார் போடுங்கள்.