ஜப்பான் டோஜின் கேம், மங்கா சீரிஸ்: வாங்குறதுல இருந்து ஓட வைக்கிற வரைக்கும்

இங்க சொல்றது அடல்ட் டோஜின் கேம், மங்கா (ஜப்பான் காமிக்ஸ்) பத்தி, 18 வயசு தாண்டினவங்களுக்கு மட்டும், அதுல சமரசமே கிடையாது. பெரிய கம்பெனி எதுவும் இல்லாம ஒருத்தரோ நாலஞ்சு பேரோ சேர்ந்து சொந்தமா செஞ்சு விக்கிறதுதான் டோஜின், அந்த டீமை சர்க்கிள்னு சொல்லுவாங்க. 1975ல ஆரம்பிச்ச காமிகெட்ங்கிற டோஜின் விற்பனைச் சந்தை இன்னைக்கும் டோக்கியோ பிக் சைட்ல வருஷம் ரெண்டு தடவை நடக்குது, இன்னைக்கு பெரிய கேம் கம்பெனியான டைப்-மூன் கூட 2000 டிசம்பர்ல அங்க டேபிள் போட்டு கேம் வித்த சர்க்கிள்தான்.

வெளிநாட்டுல இருந்து வாங்க, டவுன்லோடா விக்கிற ஜப்பான் வெப்சைட்டான டிஎல்சைட் சுலபம். 2024 ஏப்ரல்ல அங்க விசா, மாஸ்டர்கார்டு நிறுத்திட்டாங்க, அதனால கார்டு ரெடியா இருக்குனு நம்பி ஷாப்பிங் கார்ட்ல அள்ளி போடாம முதல்ல உங்க ஊருக்கு எந்த பேமென்ட் காட்டுதுனு பாருங்க. சீரிஸ்னா ஒரு பாகத்தை மட்டும் பாக்காதீங்க, சர்க்கிள் பேரை க்ளிக் பண்ணி வெளியான தேதி வரிசையில எல்லாத்தையும் பாருங்க, ஏன்னா மங்கா நாலஞ்சு பாகம் வந்த பிறகு சோஷூஹென்னு மொத்தமா தொகுத்து ஒரே புக்கா விடுறது உண்டு, தனித்தனியா வாங்கினா அதே கதைக்கு ரெண்டு தடவை காசு போகும். படத்துல மொசைக் (அந்தரங்க இடத்தை மறைக்கிற கட்டம்) இருக்கேனு குறைஞ்ச ரேட்டிங் போடாதீங்க ப்ளீஸ், ஆபாசப் பொருள் விக்கிறதை தடுக்கிற ஜப்பான் குற்றவியல் சட்டம் 175வது பிரிவுக்காக அவங்க அப்படித்தான் விக்கணும்.

கேம்னா டைகென்பான், அதாவது ட்ரையல், இருந்தா கட்டாயம் அதை இறக்கி ஓட்டிப் பாருங்க. உங்க சிஸ்டத்துல ஓடுதானு காசு குடுக்காம தெரிஞ்சுக்க இதை விட நல்ல வழி இல்ல.

நிறைய பேர் மாட்டிக்கிற இடம் இதுதான்: ஜிப்பை பிரிச்சா ஃபைல் பேரெல்லாம் கிறுக்கலா வரும், கேம் ஃபைலை காணோம்னு எர்ரர் அடிக்கும். பழைய கேம்கள் ஷிஃப்ட்-ஜிஸ்ங்கிற ஜப்பானிய எழுத்துக்கான பழைய கம்ப்யூட்டர் குறியீட்டு முறையில இருக்குறதுதான் காரணம். விண்டோஸ்ல ரீஜன் செட்டிங்ஸ், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டேப், சேஞ்ச் சிஸ்டம் லொக்கேல் போய் ஜப்பானீஸ் வைங்க, கீழ இருக்குற யூடிஎஃப்-8 பீட்டா டிக்கை எடுத்துடுங்க, ரீஸ்டார்ட் பண்ணிட்டு ஜிப்பை திரும்ப புதுசா பிரிங்க, ஏற்கனவே பிரிச்ச ஃபோல்டர் தானா சரியாகாது. ஃபோல்டர் பேரு வெறும் இங்கிலீஷ் எழுத்துல சின்னதா இருக்கட்டும். ஆர்பிஜி மேக்கர் விஎக்ஸ் ஏஸ்ங்கிற கேம் செய்யுற சாஃப்ட்வேர்ல செஞ்சதுனா சிலதுக்கு ஆர்டிபி, அதாவது அதுக்கான பொதுவான படம், சவுண்டு ஃபைல்கள், தனியா இன்ஸ்டால் பண்ணணும், அது இலவசம்தான்.

சர்க்கிள் பக் சரி பண்ணி அப்டேட் விட்டா வாங்கின லிஸ்ட்ல இருந்தே திரும்ப டவுன்லோட் பண்ணலாம், ஆனா சேவ் ஃபைல் பெரும்பாலும் கேம் ஃபோல்டருக்குள்ளயே கிடக்கும், பழசை டெலிட் பண்றதுக்கு முன்னாடி அதை காப்பி எடுத்து வச்சுக்கோங்க.