பேசும் ஓநாயின் மூக்கு எங்கே போயிற்று? கற்பனை உலக விலங்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற, ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாகி ஒரு கதையைச் சேர்ந்து வளர்க்கும் ரோல் பிளேயிங் விளையாட்டுகளை நடத்துபவர்கள், தங்கள் உலகத்தில் சிந்திக்கும் விலங்கு ஒன்றைச் சேர்க்க முடிவு செய்ததும் முதல் வேலையாக அதைப் பேச வைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். நான் கேம் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துபவராக, இருந்த ஓர் ஆட்டத்தில், மலைக்கோட்டை ஒன்றின் வாசலில் வீரர்கள் நின்றபோது கிழ ஓநாய் ஒன்று வந்து, ஓய்வுபெற்ற அமைச்சரைப் போலக் கோட்டையின் வரலாற்றை விரிவாக எடுத்துரைத்தது. எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர், "இந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து என்ன வாசனை வருகிறது என்று அதனிடம் கேட்கிறேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை. அதன் பெயர், வயது, அது யார் பக்கம் என்பதையெல்லாம் எழுதி வைத்திருந்த நான், அதற்கு ஒரு மூக்கு இருப்பதை எங்கேயும் குறித்து வைக்கவில்லை.

மனிதன் மேல் ரோமத்தைப் போர்த்திவிட்டு அதை விலங்கு என்று அழைப்பதே இந்த வேலையில் நேரும் பிழைகளில் பெரியது. ஓர் உயிரின் உடல் எதை உணர்கிறது, எதைத் தின்கிறது, யாரோடு வாழ்கிறது என்பவற்றிலிருந்துதான் அதன் அறிவு வளர்கிறது. யானையை எடுத்துக்கொள்வோம். மனிதக் காதுக்கு எட்டாத, 20 ஹெர்ட்சுக்கும் தாழ்ந்த ஒலிகளில் யானைகள் பேசிக்கொள்வதைக் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் 1984-இல் ஓர் உயிரியல் பூங்காவில் உணரத் தொடங்கினார். அந்த ஒலி சில கிலோமீட்டர் தூரம் வரை செல்லக்கூடியது. கென்யாவின் அம்போசெலியில் நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், மாசாய் இனத்து ஆண்களின் குரலையும் கம்பா இனத்து ஆண்களின் குரலையும் யானைகள் பிரித்தறிந்தன. தங்களோடு மோதிய வரலாறு கொண்ட மாசாய் ஆண்களின் குரலைக் கேட்டபோது அவை அதிகமாக ஒன்றுகூடி எச்சரிக்கையாயின. இத்தகைய உயிருக்கு மனித அளவு புத்தியும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அரசவையில் யானை வாய் திறக்காமல் நிற்பதாகத் தூதர்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அது மதிலுக்கு அப்பால் நிற்கும் தன் தங்கையிடம் அவர்களைப் பற்றிச் சொல்லி முடித்திருக்கும்.

பேச்சு இல்லாமலும் அறிவு வெளிப்படும். மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை இழுத்த பசு ஒரு சொல்லும் பேசவில்லை; ஆயினும் அது எதற்காக வந்தது என்பது ஊருக்கே விளங்கியது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் வரும் ராட்சதக் கழுகுக்குத் தனக்கென ஒரு மொழி உண்டு, மனிதர்களின் பொதுமொழியும் புரியும், ஆனால் அதைப் பேச இயலாது. புரிதலுக்கும் பேச்சுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் ஒரு மாலை முழுவதும் ஆடக்கூடிய நாடகம் கிடக்கிறது. பலர் வசதிக்காக அதை அவசரப்பட்டு மூடிவிடுகிறார்கள்.

அறிவை ஒரே ஏணியாகப் பார்ப்பது அடுத்த தவறு. விளையாட்டுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு பாத்திரத்தின் புத்தியும் ஒற்றை எண்ணாக இருப்பதால், எண்ணைக் கூட்டினால் விலங்கு மனிதனை நெருங்கிவிடும் என்ற நினைப்பு இயல்பாக வந்துவிடுகிறது. ஆக்டோபஸுக்குச் சுமார் 50 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கின்றன. அதைவிட முக்கியமானது அதன் வாழ்நாள். சாதாரண ஆக்டோபஸ் ஓரிரு ஆண்டுகளே வாழ்கிறது. தாய் முட்டைகளைப் பட்டினியோடு காவல் காத்து, குஞ்சுகள் வெளிவரும் காலத்தில் இறந்துபோகிறது. கற்றுத்தர மூத்தவர் எவரும் இல்லாத இந்த இனத்துக்குக் கடலடி நகரமும் நூலகமும் அரச வம்சமும் கொடுக்கிறவர்கள், முதலில் அந்தத் தாயை உயிரோடு வைக்க வேண்டும், அல்லது அறிவு தலைமுறை தாண்டிச் செல்ல வேறு வழி ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். தடவி வாசிக்கக்கூடிய கல் புடைப்புகளை முட்டைக் குகையின் சுவரில் விட்டுச்செல்லும் தாய்மார்கள் என்று ஒரு முறை நான் வைத்தேன். அந்த ஒரு முடிவிலிருந்து அவர்களின் மதம், சட்டம், துக்கம் எல்லாம் தானாகவே பிறந்தன.

காகத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு குறிப்பிட்ட முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்து விடுவித்தார்கள். பல ஆண்டுகள் கழித்தும், ஒருபோதும் பிடிபடாத காகங்கள்கூட அந்த முகமூடியைக் கண்டால் கரைந்து விரட்டின. உங்கள் வீரர்கள் ஒரு காகத்தைத் துன்புறுத்தினால், அந்த ஊரில் பிறக்கப்போகும் குஞ்சுகளுக்கும் அவர்களின் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் இனம் முழுவதற்கும் ஒரே குணத்தை ஒட்டிவிடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நரியெல்லாம் தந்திரம், ஆந்தையெல்லாம் ஞானம் என்றால் அங்கே தனிப்பட்ட நரியே இருக்காது. ஓநாய்களை மட்டும் குறிப்பிடுகிறேன். மற்றவற்றை அடக்கி ஆளும் 'ஆல்பா' ஓநாய் என்ற கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாயும் தந்தையும் அவற்றின் பிள்ளைகளும்தான் என்று 1999-இல் தாமே எழுதினார். தலைமைக்காகச் சண்டையிடும் ஓநாய்க் கூட்டத்தைவிட, பிள்ளை வீட்டை விட்டுப் போவதைத் தாங்க முடியாத ஓநாய்த் தம்பதியர் நல்ல கதையைத் தருவார்கள்.

விலங்கைச் சரியாகப் படைத்துவிட்டு, உலகத்தை அப்படியே விட்டுவிடுவதே எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. விலங்கை விழிப்பிக்கும் மந்திரம் ஒன்று இந்த விளையாட்டில் உண்டு. 2014 பதிப்பின்படி எட்டு மணி நேரம் ஓதி, 1,000 பொற்காசு மதிப்புள்ள அகேட் கல்லைச் செலவழித்தால், ஒரு சாதாரண மானுக்கு மனிதச் சராசரியான 10 என்ற புத்தி எண்ணும் ஒரு மொழியும் கிடைக்கும். 30 நாட்கள் அது மந்திரவாதியிடம் வசியப்பட்டிருக்கும். பிறகு, தன்னை அவர் நடத்திய விதத்தைப் பார்த்து நட்பைத் தொடர்வதா என்று அதுவே முடிவு செய்யும். 31-ஆம் நாள் அந்த மான் எங்கே போகும்? அதன் மந்தைக்கு அதன் சொல் புரியாது. நேற்று வரை அதை வேட்டையாடியவன் இன்று அம்பெய்தால் அது கொலையா? அதன் குட்டிக்குச் சாட்சி சொல்லும் உரிமை உண்டா? விலங்குகளோடு பேசும் எளிய மந்திரம் கிராமத்துக்கு ஒருவருக்காவது தெரிந்த உலகத்தில் கசாப்புக் கடை, ஏர் மாடு, மாட்டுச் சந்தை எவையும் நாம் அறிந்தபடி இருக்க முடியாது.

இப்போது நான் நடத்தும் ஆட்டத்தில் ஆற்றோரச் சிற்றூர் ஒன்று இருக்கிறது. அங்கே ஆட்டை அறுப்பதற்கு முன் கசாப்புக்காரர் கத்தியைத் தரையில் வைத்துவிட்டு, அதன் காதருகே குனிந்து அதன் பெயரை மூன்று முறை கேட்பார். பிறகு நூறு எண்ணும் வரை காத்திருப்பார். கடையில் நிற்பவர்களும் அதுவரை பேசமாட்டார்கள். அந்த ஊர்க்காரர்களின் நினைவில், ஒரே ஓர் ஆடுதான் பதில் சொல்லியிருக்கிறது.